எரிய மறுக்கும் உமி

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் கருவாடு போடுகிறவர்களுக்குக் கை ஒடிந்துபோகும்.

சீர்காழியிலிருந்து கிழக்கே போனால் திருமுல்லைவாசல். வடகிழக்கே, கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் பழையாறு. கோடையில் இந்தக் கடற்கரைகளில் நடந்து பாருங்கள். நெத்திலியும் வாளையும் காரப்பொடியும் சென்னாக்குனியும் மணலிலும் பழைய வலைவிரிப்பிலும் சிமெண்டுத் தளத்திலும் காய்ந்துகொண்டிருக்கும். உப்பும் வெயிலும் போதும். அடுப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால் அந்த வெயில் ஒரு வாரம் முகம் காட்டாவிட்டால் என்ன செய்வது? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. லண்டனில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே 60 சென்டிமீட்டர் அளவுதான்.

அரைகுறையாகக் காய்ந்த மீனில் ஈ வந்து உட்காரும், முட்டையிடும், சீக்கிரமே புழு நெளியும். அதை மனிதர் சாப்பிடும் விலைக்கு விற்க முடியாது. கோழித் தீவனத்துக்குப் போகிற விலைக்குத்தான் தள்ளிவிட வேண்டும். விடியுமுன் எழுந்து ஏலத்தில் மீனெடுத்து, கழுவி, உப்புப் போட்டு, காக்கைக்கும் நாய்க்கும் காவலிருந்த பெண்களின் உழைப்பும் அந்த விலைக்கே போய்விடுகிறது. நினைத்தாலே வயிறு எரிகிற கணக்கு இது.

அதே மாதங்களில் ஊருக்கு உள்ளே வேறொன்று நடக்கிறது. குறுவை அறுவடையாகி நெல் அரவை ஆலைக்கு வருகிறது. ஆலைக்குப் பின்புறம் உமி குவிகிறது. 1,000 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி விழும். அதில் ஒரு பகுதி, நெல் அவிக்கும் கொதிகலனுக்கே எரிபொருளாகிறது. செங்கல் சூளைக்காரர்கள் கொஞ்சம் வாங்கிப் போகிறார்கள். கோழிப் பண்ணைக்குக் கொஞ்சம் போகிறது. மீதி குவிந்து கிடக்கிறது, காற்றடித்தால் கண்ணில் விழுகிறது.

கடலோரத்தில் காயாத மீன். வயலோரத்தில் குவிந்த உமி. இடையில் பத்திருபது கிலோமீட்டர் தார்ச்சாலை. இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கலாம் வாருங்கள். வெயில் இல்லாத ஊர்களில் மனிதர்கள் மீனைப் புகையில் காயவைத்திருக்கிறார்கள். நம் கரையில் அந்த வழக்கம் பெரிதாக இல்லை. ஆனால் அதன் அறிவியல் நமக்கு அந்நியமானதல்ல. மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுகிறோம். வாழைத்தாரைப் பழுக்கவைக்க மூட்டம் போடுகிறோம். அந்த மூட்டத்தைத்தான் மீனுக்கும் போடப் போகிறோம்.

முதலில் மீன் ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். கடலிலிருந்து வந்த மீனில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு தண்ணீர். அந்த ஈரத்தில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். மீனின் சொந்த உடம்பில் இருக்கும் நொதிகளும் செத்த பிறகு அதன் சதையையே கரைக்கத் தொடங்கும். மத்தி, கவளை மாதிரி எண்ணெய் மீன்களில் கொழுப்பு காற்றோடு சேர்ந்து காறல் நாற்றம் அடிக்கும். கருவாட்டில் நாம் செய்வது முக்கியமாக ஒன்றுதான்: தண்ணீரை வெளியேற்றுகிறோம். உப்பு தண்ணீரை இழுக்கிறது, வெயில் அதை ஆவியாக்குகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் பாக்டீரியாவால் தலையெடுக்க முடியாது.

எவ்வளவு தண்ணீர் போக வேண்டும்? இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மீனில் 75 விழுக்காடு தண்ணீர் என்றால் 750 கிராம் தண்ணீர், 250 கிராம் திடப்பொருள். இதை 40 விழுக்காடு ஈரமுள்ள கருவாடாக்க வேண்டும். 75-லிருந்து 40-ஐக் கழித்து 35, ஆகவே 350 கிராம் தண்ணீரை எடுத்தால் போதும் என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது தப்பு. கருவாட்டிலும் அதே 250 கிராம் திடப்பொருள்தான் இருக்கும். அது இப்போது மொத்த எடையில் 60 விழுக்காடு. அப்படியானால் கருவாட்டின் எடை 250-ஐ 0.6-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 417 கிராம். ஒரு கிலோவில் 583 கிராம் தண்ணீர் போயாக வேண்டும்! கருவாடு ஏன் பச்சை மீனைவிட விலை கூடுதல் என்பதற்குப் பாதி பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 583 கிராமுக்குச் சுமார் 315 கிலோகலோரி. ஒரு கிலோ உமி எரிந்தால் 3,000 கிலோகலோரிக்குக் குறையாமல் வெப்பம் தரும். நல்ல காய்ந்த விறகோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. ஆக, ஒரு கிலோ மீனை உலர்த்தக் கணக்குப்படி 100 கிராமுக்குச் சற்று மேலே உமி இருந்தால் போதும். நடைமுறையில் அது நடக்காது. வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும், சுவரைச் சூடாக்கும், காற்றில் கலக்கும். பல மடங்கு உமி செலவாகும். ஆனாலும் கணக்கு ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: இதற்கு மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டிய தேவை கிடையாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உலகத்தில் பல இடங்களில் மரங்களைச் சாய்த்துத்தான் மீனைப் புகைக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் புகையிட்ட மீன்தான் ஏழைகளின் முக்கியமான புரதம். அந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல ஊர்களில் அவர்களுக்குப் பக்கத்தில் கிடைக்கும் விறகு, கழிமுகத்து அலையாத்தி மரம். நம் பிச்சாவரத்தில் இருக்கும் அலையாத்தி மரங்களின் உறவு மரங்கள்தான் அங்கேயும் நிற்கின்றன. பழையாறிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் வடக்கே பிச்சாவரம், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். அந்த மரங்களின் வேர்ச் சந்துகளில்தான் இறாலும் பல மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மீனைப் பதப்படுத்துவதற்காக மீன்குஞ்சு வளரும் காட்டையே வெட்டினால் நாளை வலையில் என்ன விழும்? ஆப்பிரிக்கப் பெண்கள் தெரியாமல் செய்யவில்லை. அன்றைக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும், வேறு விறகு கைக்கு எட்டவில்லை. அவர்களுக்கு மாற்று வேண்டும்.

1970 வாக்கில் கானா நாட்டில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. தலைநகர் அக்ராவை ஒட்டிய சோர்க்கோர் என்ற மீனவர் குடியிருப்பில், அங்கே வேலை செய்த பெண்களோடு சேர்ந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு புது அடுப்பை உருவாக்கினார்கள். அதற்கு முன்பு வட்டமான மண் அடுப்பிலோ தகர டிரம்மிலோ மீனைப் பரப்பிப் புகைப்பார்கள். பாதி வெப்பம் வீணாகும். சோர்க்கோர் அடுப்பில் செவ்வகமான மண் சுவர், அதன் மேல் கம்பிவலை அடித்த மரச்சட்டங்கள். இட்லிப் பானைத் தட்டுகள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அவற்றை அடுக்கிவிடுவார்கள். அடுக்கிய சட்டங்களே புகைக்கூண்டாகிவிடும். ஒரே தீயில் பத்துப் பதினைந்து தட்டு மீன் வேகும். நடுநடுவே தட்டுகளை மேலும் கீழும் மாற்றினால் போதும். விறகுச் செலவு குறைந்தது. அந்த அடுப்பு நாடு நாடாகப் பரவியது. ஆனால் எரிவது அப்போதும் விறகுதான். புகையும் பெண்களின் கண்ணில்தான் அடித்தது.

இப்போது உமிக்கு வருவோம்.

உமியை அடுப்பில் அப்படியே அள்ளிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தீ அணைந்துவிடும். பரப்பிப் போட்டால் கருகும், குவித்துப் போட்டால் உள்ளுக்குள் கனியும், கொழுந்துவிட்டு எரியவே எரியாது. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? நெல் பயிரின் இலை ஓரத்தில் விரலை ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது கீறிவிடும். அந்தக் கூர்மைக்குக் காரணம் சிலிக்கா. மணலில் இருப்பதும் கண்ணாடியில் இருப்பதும் அதே பொருள்தான். மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்கானை நெல் வேர் விரும்பி உறிஞ்சுகிறது. வேறு பயிர்கள் இவ்வளவு எடுப்பதில்லை. வேரில் அதை உள்ளே கடத்தும் மரபணுவை 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உறிஞ்சிய சிலிக்காவை நெல் தண்டிலும் இலையிலும், எல்லாவற்றுக்கும் மேலாக உமியிலும் படியவைக்கிறது. பூச்சி கடித்தால் பல் இறங்காது. பூஞ்சை நுழைய வழி கிடைக்காது. உள்ளே இருக்கும் அரிசி பத்திரமாக இருக்கும்.

ஒரு உமியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளிப்புறம் வரிசை வரிசையாக மேடுகள் தெரியும், உட்புறம் வழவழப்பாக இருக்கும். அந்த மேட்டு வரிசையில்தான் சிலிக்கா அடர்த்தியாக இருக்கிறது. வீட்டில் பெரியவர் யாரையாவது கூட வைத்துக்கொண்டு, நாலைந்து உமியை ஒரு பழைய தகரத்தில் போட்டு அடுப்பில் நன்றாகக் காய்ச்சச் சொல்லுங்கள். முதலில் புகையும், பிறகு கறுக்கும், நீண்ட நேரம் விட்டால் ஓரம் வெளுக்கத் தொடங்கும். முழுக்க வெளுத்த உமியைத் தொடாமல் பார்த்தால் உமியின் வடிவம் குலையாமல் இருப்பது தெரியும். உயிர்ப்பொருள் எல்லாம் எரிந்துபோய் சிலிக்காக் கூடு மட்டும் நிற்கிறது. விறகு எரிந்தால் 100 கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோ சாம்பல்தான் வரும். உமியில் ஏறத்தாழ 20 கிலோ. அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கார்பனைச் சுற்றி இந்தக் கூடு மூடிக்கொள்வதால் காற்று உள்ளே புக முடிவதில்லை. தீயும் மெதுவாகத்தான் நகர்கிறது.

அடுப்பெரிக்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஆனால் மீனுக்கு மூட்டம் போடுகிறவருக்கு வேண்டியது கொழுந்துவிட்டு எரியும் தீ இல்லையே! மெல்லக் கனிந்து, நின்று, சீராகப் புகை தருகிற தீதான் வேண்டும். நெருப்பை விடிய விடியக் காப்பாற்ற நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் உமிச் சட்டி வைத்திருந்தார்கள். உமியின் பிடிவாதத்தை அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்.

புகை என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரமோ உமியோ தேங்காய் மட்டையோ, தாவரப் பொருள் எதுவானாலும் அதில் மூன்று முக்கியச் சரக்குகள் உண்டு: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். காற்று குறைவாக இருக்கும்போது சூடேறினால் இவை முழுக்க எரியாமல் உடைந்து சிதறும். 200 டிகிரிக்கு மேல் ஹெமிசெல்லுலோஸ் முதலில் உடையும். பிறகு செல்லுலோஸ். லிக்னின் மெதுவாக, இன்னும் கூடுதல் சூட்டில் உடைந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டிலிருந்து வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும், மீனின் புரதத்தோடு சேர்ந்து பொன்னிறம் தரும் கார்பனைல் பொருள்களும் வருகின்றன. லிக்னினிலிருந்து ஃபீனால்கள் வருகின்றன. புகை வாசனை அவற்றுடையதுதான். பாக்டீரியாவைத் தடுப்பதும் கொழுப்பு காறிப்போகாமல் காப்பதும் அவையே. மீனின் மேல்தோல் இலேசான ஈரத்தோடு இருக்கும்போது இவையெல்லாம் அந்த ஈரத்தில் கரைந்து உள்ளே இறங்கும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் மீனில் கோடு கோடாகக் கறை விழும். அதனால்தான் உப்பு நீரில் ஊறவைத்து எடுத்த மீனைக் கொஞ்ச நேரம் ஆறப்போட்டு, தோல் மினுமினுப்பாகப் படிந்த பிறகு புகைக்கு ஏற்றுகிறார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். புகை மட்டும் மீனைக் காப்பாற்றாது. உப்பும் தண்ணீர் வெளியேறுவதும்தான் முக்கியக் காவல், புகை துணைக் காவல். சும்மா அரைமணி நேரம் புகைகாட்டி ஈரத்தோடு எடுத்த மீன் வாசனையாக இருக்கும், ஆனால் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடும்.

விறகு இல்லாமல் பயிர்க் கழிவிலேயே மீனைப் புகைத்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பீர்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள், மாசி என்பார்கள். இலங்கைத் தமிழர் வீட்டில் சம்பலுக்கு மாசி இல்லாமல் ஆகாது. அது சூரை மீன். இலட்சத்தீவிலும் மாலத்தீவிலும் அதன் தலையையும் குடலையும் நீக்கி, நீளவாக்கில் பிளந்து, உப்பு நீரில் வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்து, மறுபடி புகை, மறுபடி வெயில் என்று மாற்றி மாற்றிச் செய்வார்கள். கடைசியில் அது அவ்வளவு இறுகிவிடும். கத்தியால் சீவித்தான் எடுக்க முடியும். மாதக்கணக்கில் கெடாது. இலட்சத்தீவில் அந்தப் புகை தேங்காய் மட்டையிலிருந்து வருகிறது. அந்தத் தீவுகளில் விறகுக்காடு ஏது? தென்னைதான் எல்லாம். தேங்காய் உரித்த மட்டை வேண்டிய மட்டும் கிடக்கிறது. அதற்கு அறிவியல் காரணமும் ஒன்று கூடவே வாய்த்திருக்கிறது. தேங்காய் நாரில் ஏறத்தாழ 40 விழுக்காடு லிக்னின். பெரும்பாலான மரங்களில் 20 முதல் 30 வரைதான். லிக்னின் கூடுதலாக இருந்தால் ஃபீனாலும் கூடுதல். தீவுக்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்தார்கள், அது நல்ல சரக்காக அமைந்துவிட்டது.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1343-44-ல் மாலத்தீவில் நீதிபதியாக இருந்தார். அங்கிருந்து இலங்கைக்கும் பிறகு மதுரைக்கும் வந்தவர் அவர். அந்தத் தீவுக்காரர்கள் மீனைத் துண்டுபோட்டு, இலேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகையில் தொங்கவிடுவதையும், அது இந்தியாவுக்கும் யேமனுக்கும் சீனாவுக்கும் கப்பலேறுவதையும் தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கிட்டத்தட்ட 700 ஆண்டுக்கு முந்தைய செய்முறைக் குறிப்பு!

உமியும் இதில் புதிதல்ல. சீனாவின் ஹூனான் மாநிலம் நம் டெல்டா மாதிரி நெல் விளையும் பூமி, பெரிய ஏரியும் மீனும் உண்டு. அங்கே குளிர்காலத்தில் இறைச்சியையும் மீனையும் உப்பிட்டுப் புகைக்கும்போது உமி, நிலக்கடலைத் தோடு, ஆரஞ்சுப் பழத்தோல் எல்லாவற்றையும் கனியவிடுகிறார்கள். களத்திலும் சமையற்கட்டிலும் மிஞ்சியதுதான் புகைக்கு.

எல்லாம் நல்லதாகவே சொன்னால் அது அறிவியல் ஆகாது. புகைக்குள் ஓர் எதிரியும் ஒளிந்திருக்கிறான். 1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் ஒரு கொடுமையைக் கவனித்தார். உங்கள் வயதுச் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் இறக்கி ஏற்றிக் கரி துடைக்க வைப்பார்கள். அப்படி வேலை பார்த்தவர்களுக்குப் பெரியவர்களானதும் ஒரு வகைப் புற்றுநோய் வந்தது. கரியில் ஏதோ இருக்கிறது என்று அவர் சொன்னார். அது என்ன என்று தெரியவர 150 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1930-களில் நிலக்கரித் தாரிலிருந்து பென்சோபைரீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 20 கார்பன் அணுக்கள், 12 ஹைட்ரஜன் அணுக்கள், ஐந்து வளையங்கள் ஒட்டிக்கொண்ட மூலக்கூறு. தீ மிகச் சூடாகி, காற்று போதாமல் எரியும்போது அது உண்டாகிறது. மீன் எண்ணெய் நேராகத் தணலில் சொட்டினால் இன்னும் அதிகமாக உண்டாகி, புகையோடு ஏறி மீனிலேயே படிகிறது. ஒரு கிலோ புகையிட்ட மீனில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இதுபோன்ற வரம்புகளைத் தாண்டியதால் ஆப்பிரிக்கப் பெண்களின் மீன் வெளிநாட்டுச் சந்தையில் நுழைய முடியாமல் போனது. அப்போதுதான் 2008-09 வாக்கில் செனகல் நாட்டின் தியாரோய் என்ற ஊரில், அங்குள்ள மீன்வளப் பயிற்சி நிலையமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து ஓர் அடுப்பை உருவாக்கின. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு வேலையை இரண்டாகப் பிரித்த விதம். இதுவரை ஒரே தீதான் மீனை வேகவைத்தது, உலர்த்தியது, புகையும் போட்டது. தியாரோய் அடுப்பில் முதலில் புகையில்லாத தணலின் வெப்பத்தில் மீன் வெந்து காய்கிறது. நடுவில் ஒரு தட்டு, சொட்டும் எண்ணெயை வாங்கி வெளியே வடித்துவிடுகிறது, ஒரு துளிகூடத் தணலில் விழாது. வாசனைக்கும் நிறத்துக்கும் வேண்டிய புகையைக் கடைசியில், தனியான ஒரு பெட்டியிலிருந்து அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் கனிவது தேங்காய் மட்டை போன்ற பயிர்க் கழிவு. சோர்க்கோர் அடுப்பை இடிக்க வேண்டியதில்லை, அதன் மேலேயே இந்தப் பாகங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்திலும் வேலை நிற்காது.

இதைச் சீர்காழிப் பக்கம் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? என் மனத்தில் ஒரு வடிவம் இருக்கிறது. பழைய மரத்தூள் அடுப்பை உங்கள் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். ஒரு தகர டின்னின் அடிப்பக்கவாட்டில் ஒரு துளை. நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளோ உமியோ கெட்டியாக இடித்து நிரப்புவார்கள். பாட்டிலை மெல்லச் சுழற்றி உருவினால் நடுவில் ஒரு குழி நிற்கும். கீழ்த் துளை வழியே பற்றவைத்தால் குழியின் உட்சுவர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டே போகும். காற்று படுகிற இடம் அது ஒன்றுதானே! மணிக்கணக்கில் கிளறாமலே வெப்பம் கிடைக்கும். மீனை உலர்த்தும் வெப்பத்துக்கு இது. இன்னொரு மூடிய டின்னில், காற்றுத் துளையை நன்றாகக் குறைத்து, உமியோடு தேங்காய் மட்டைத் துண்டுகளைக் கனியவிட வேண்டும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் மீன் கூண்டுக்குப் போகட்டும். குழாய் நீளமாக இருந்தால் புகை ஆறும், கரித்தூளும் தாரும் வழியிலேயே படியும். கூண்டின் அடியில் சாய்வான எண்ணெய்த் தட்டு, உச்சியில் புகைபோக்கி. வேலை செய்கிற பெண்களின் முகத்துக்கு எதிரே புகை வரவே கூடாது. அடுப்பு நன்றாக இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உமியில் சங்கடம் இல்லாமல் இல்லை. அது ரொம்ப இலேசு. ஒரு கிலோ உமி 10 லிட்டர் வாளியை நிரப்பிவிடும். ஏற்றிக்கொண்டு வர வண்டியில் இடம் பிடிக்கும். அழுத்திக் கட்டியாக்கினால் இந்தக் கவலை தீரும், ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும். வைக்கோல் ஆகாதா என்று கேட்டால், குப்பென்று பற்றி நொடியில் முடிந்துவிடும். அதை மாட்டுக்கே விட்டுவிடுவது நல்லது. அறுவடைக்கு முன் பூச்சிமருந்து அடித்த பயிரின் கழிவைப் புகைக்கு எடுக்கக்கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் தூள் பக்கமே போகக்கூடாது.

உங்களுக்கும் மூன்று எச்சரிக்கை. ஆலைப் பக்கம் கறுப்பாகக் குவிந்திருக்கும் உமிச் சாம்பல் மேலே ஆறியதாகத் தெரியும், உள்ளே நாள்கணக்கில் தணல் இருக்கும். அதில் காலை வைத்துவிடாதீர்கள். மூடிக் கனியும் தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூடிய அறையில் உயிரையே வாங்கிவிடும். மூட்டம் எப்போதும் திறந்த வெளியில்தான். சாம்பலைத் தூள் பறக்க அள்ளக்கூடாது. மிகச் சூட்டில் எரிந்த சிலிக்காத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு நாற்றங்காலில் இட்டால் மண் பொலபொலப்பாகும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று வருடாவருடம் தலையைச் சொறிகிறீர்களே, இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள மத்தி மீன்களை வாங்கி, சுத்தம் செய்து, ஒரே உப்பு நீரில் ஒரே நேரம் ஊறவையுங்கள். மூன்று தட்டாகப் பிரியுங்கள். ஒன்று வெயிலுக்கு, ஒன்று உமிப் புகைக்கு, ஒன்று தேங்காய் மட்டைப் புகைக்கு. தீ வேலை முழுக்க ஆசிரியர் கையில் இருக்கட்டும். உங்கள் வேலை தராசு. மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு தட்டையும் நிறுத்து எழுதுங்கள். முன்னே போட்ட கணக்கை வைத்து ஈரம் எத்தனை விழுக்காடு என்று கண்டுபிடித்து வரைபடம் போடுங்கள். உமி எத்தனை கிலோ செலவானது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை ஈ உட்கார்ந்தது என்று தட்டுவாரியாக எண்ணினால் அதுவும் நல்ல தரவுதான். மேகமூட்டமான நாளாகப் பார்த்துச் செய்தால் வெயில் தட்டுக்கும் புகைத் தட்டுகளுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

முடிந்ததும் மூன்று தட்டையும் திருமுல்லைவாசலிலோ பழையாறிலோ கருவாடு போட்டுப் பழகிய ஒரு பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எது என்ன என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவர் வாலை ஒடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, எது காய்ந்திருக்கிறது, எது இன்னும் ஒரு நாள் தாங்காது என்று சொல்லுவார். அவர் சொல்வதை ஒரு பத்தியிலும் தராசு சொன்னதை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடம் வந்தால் அதைப் பற்றித்தான் முதலில் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.